எண்ணும் செய்தியும்: வன்னியின் தொகைகளை முன்னிட்டு ஒரு திறனாய்வு

எண்ணும் எழுத்தும் மாந்தர்க்கு இரு விழிகள் எனக் கொண்டது நம் முன்னோர் மரபு. ஆயினும் இன்று செய்தித்தாள் படிப்போருட் பலர் ஒரு விழியை மூடிக்கொண்டே படிக்கின்றனர் எனல் மிகையன்று. எழுத்தில் வந்த செய்தியை அவர் ஐயுறுவர். எழுதியவர் எக்கட்சியினர், எவர்க்கு வேண்டியவர் என வினாவுவர். அச்செய்தியினுள்ளே ஓர் எண் வந்துவிடின் ஐயம் அகன்று விடுகின்றது. சொல்லைப் பொய்யாக்கலாம், எண்ணைப் பொய்யாக்க இயலாது என்னும் நம்பிக்கை அவர் உள்ளத்தில் வேரூன்றி நிற்கின்றது. இந்நம்பிக்கை எத்துணைப் பொருந்தும் என்பதையும், பொருந்தாவிடின் எண்ணை எங்ஙனம் படித்தல் வேண்டும் என்பதையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் இன்று நம் பாடசாலைகளிற் கற்பிக்கப்படும் ஒரு பாடம். அப்பாடத்தை மேலும் தொடர்வோர் மாதிரி, மாறி, கருதுகோள், இடை, இடையம், நியம விலகல் முதலியவற்றின் வரைவிலக்கணங்களைக் குறிப்பேடுகளில் எழுதி மனனஞ் செய்கின்றனர். இவை எந்தத் தேவையின் பொருட்டுப் பிறந்தன என்பதை அவர் உணரார். உணர்த்தும் கடமையை ஆசிரியராகிய நாமும் செவ்வனே ஆற்றினோம் அல்லேம். வன்னி நிலத்து மாணாக்கனுக்கு அதனை உணர்த்துதற்கு மேனாட்டு உதாரணம் ஒன்றும் வேண்டியதில்லை. அவன் பிறந்த மண்ணைப் பற்றி உலகச் செய்தித்தாள்களில் வெளிவந்த தொகைகளே போதும்.

அதற்குமுன் அளவை பற்றிச் சில கூறுதல் பொருத்தமாகும். கி.பி. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞானசித்தியாரின் சுபக்கம் அளவை இலக்கணத்தோடு தொடங்குகின்றது. ஒரு பொருளை ஆராயப் புகுமுன், அதனை அறியும் வாயில்கள் எவை என வரையறுத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. காட்சி, கருதல், உரை என்பன அவற்றுள் முதன்மையானவை. கண்டறிவது காட்சி, புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வது கருதல், தகுதி வாய்ந்தோர் கூற்றைக் கொண்டு அறிவது உரை. காட்சியிலும் ஐயம், திரிபு என்னும் குற்றங்கள் நேரும் என்பதை அவர் மறந்திலர்.

இப்பாகுபாடு ஊடக ஆய்வுக்கு மிகவும் பயன்படும். செய்தித்தாளில் வரும் எண் நமக்குக் காட்சி அன்று, அஃது உரையே. யாரோ ஒருவர் எண்ணிக் கண்டதோ, யாரோ ஒருவர் கருதி மதிப்பிட்டதோ உரையாக மாறி நம்மிடம் வந்து சேர்கின்றது. எண்ணிய தொகையையும் மதிப்பிட்ட தொகையையும் அச்சு ஒரே எழுத்தில் ஒரே தோற்றத்தில் காட்டிவிடும். ஆகவே, இஃது எண்ணப்பட்டதா, மதிப்பிடப்பட்டதா என வினாவுதல் திறனாய்வாளன் முதற் கடமை. உரைத்தவர் அதனை அறியும் நிலையில் இருந்தாரா என்பது இரண்டாவது.

மேனாட்டார் ஊடகத்தை எண்ணால் அளக்கத் தொடங்கியது அண்மைக் காலத்திலேயே. 1893ஆம் ஆண்டில் யோன் கில்மர் ஸ்பீட் என்பார் நியூயோர்க் நகரச் செய்தித்தாள்களின் 1881ஆம் ஆண்டு இதழ்களையும் 1893ஆம் ஆண்டு இதழ்களையும் பத்தி பத்தியாக அளந்து ஒப்பிட்டார். சமயம், அறிவியல், இலக்கியம் என்பவற்றுக்குரிய இடம் சுருங்கி, வம்புச் செய்திகளுக்கும் விளையாட்டுக்கும் உரிய இடம் பெருகியமை அதனாற் புலனாயிற்று. பின்னர் 1948இல் ஹரல்ட் லாஸ்வெல், யார், எதனை, எவ்வழியில், யாருக்கு, என்ன விளைவோடு கூறுகின்றார் என ஐந்து வினாக்களை வகுத்தார். 1952இல் பேர்னாட் பெரல்சன் உள்ளடக்கப் பகுப்பாய்வுக்கு இலக்கணம் கண்டார். வெளிப்படையாக உள்ளதனை, விருப்பு வெறுப்பின்றி, ஒழுங்கு முறையாக எண்ணிக் கூறுதலே அவ்விலக்கணத்தின் சாரம்.

எண்ணுதற்கு முன் வகுத்தல் வேண்டும். இச்செய்தி ‘போர்’ என்னும் வகுப்பிற் சேருமா, ‘அரசியல்’ என்னும் வகுப்பிற் சேருமா என ஒருவர் தாமே முடிவு செய்தல் போதாது. அதே விதியைக் கொண்டு மற்றொருவரும் தனியே வகுத்து, இருவர் முடிபும் ஒத்தல் வேண்டும். இதுவே நம்பகம் எனப்படும். இரண்டே வகுப்புகள் இருக்க, இருவரும் நாணயத்தைச் சுண்டி முடிவு செய்தாலும் நூற்றுக்கு ஐம்பது ஒத்துவரும். ஆதலின் 80 வீதம் ஒத்தது எனப் பெருமை கொள்ளுமுன், தற்செயலாக ஒக்கும் 50ஐக் கழித்தல் வேண்டும். எஞ்சிய 50இல் உண்மையாகப் பெற்றது 30. அதாவது 60 வீதமே. யேக்கப் கொஹென் என்பார் 1960இல் தந்த கணக்கு இவ்வகைப்பட்டது. வகுப்பின் எல்லை குழம்பின் அதன்மேல் எழும் எண் முழுவதும் குழம்பும் என்பதை ஈண்டு நினைவிற் கொள்க. இதன் பயன் பின்னர் விளங்கும்.

இனி மாதிரியைப் பற்றி நோக்குவாம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம்மவர் பழமொழி. மாதிரிக் கொள்கை முழுவதும் இவ்வொரு தொடரில் அடங்கியுள்ளது; அதன் இடரும் இதிலேயே மறைந்துள்ளது. ஒரே நெல், ஒரே நீர், ஒரே தீ, துழாவப்பட்ட பானை என்பன அமைந்தால் மட்டுமே ஒரு சோறு பதமாகும். ஊர் என்பது துழாவப்பட்ட பானை அன்று. வீதியோரத்துக் கல்வீட்டார் ஒரு பதம். குளக்கட்டின் கீழுள்ள குடியேற்றத்தார் வேறொரு பதம். கரையோரத்து மீனவர் மற்றொரு பதம். பானையைத் துழாவுதற்கு ஒப்பானதே எழுமாற்று முறை. ஒவ்வொருவரும் தெரிவு செய்யப்படுதற்குச் சமமான வாய்ப்பு உண்டாகும்படி தெரிதலே அதன் உயிர்நிலை.

இவ்விதியை மறந்தார் பெருந்தொகையாலும் உய்யார் என்பதற்கு 1936ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தல் சான்று பகரும். லிட்டரரி டைஜஸ்ட் என்னும் வார இதழ் ஒரு கோடி வினாச்சீட்டுகளை அனுப்பி, இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகளைப் பெற்று, லாண்டன் வெல்வார் என அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களுள் 46இல் வென்றார். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோர் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலும் முகவரிகள் எடுக்கப்பட்டன. பொருள் முடைபட்ட அக்காலத்து ஏழையர் அப்பட்டியல்களில் இலர். சீட்டைத் திருப்பி அனுப்பியவரும் அனுப்பாதவரும் ஒரே மனத்தினர் அல்லர். மிகச் சிறிய மாதிரியைக் கொண்ட ஜோர்ஜ் கலப் வெற்றியாளரைச் சரியாகக் கூறினார்.

நம் மாணாக்கர் செய்யும் சிற்றாய்வுகளிலும் இக்குற்றம் மலிந்துள்ளது. தம் வகுப்பைச் சேர்ந்த 30 பேருக்கு வினாக்கொத்து வழங்குவர். 20 பேர் ‘வானொலி கேட்பதில்லை’ என விடையளிப்பர். உடனே, ‘கிளிநொச்சி மாவட்ட மக்களுள் 66.67 வீதத்தினர் வானொலி கேட்பதில்லை’ என எழுதுவர். முப்பதின்மரும் எழுமாற்றாகவே தெரியப்பட்டவர் எனக் கொள்ளினும், அவ்வளவு மாதிரியின் வழு எல்லை ஏறத்தாழ 17 வீதமாகும். உண்மை 50க்கும் 84க்கும் இடையில் எங்கேனும் இருக்கலாம். வழுவை ஏறத்தாழ 10 வீதமாக்க 100 பேர் வேண்டும். 5 வீதமாக்க 400 பேர் வேண்டும். வழுவைப் பாதியாக்க மாதிரியை நான்கு மடங்காக்குதல் வேண்டும் என்பது விதி. ஆகவே அந்த .67 அறிவு அன்று. அறிவு போலத் தோன்றும் அணிகலன்.

இடை என்பதும் அத்தகையதே. ஐந்து வீடுகளில் நாள்தோறும் கைப்பேசியில் செய்தி பார்க்கும் நேரம் 20, 30, 30, 40, 380 நிமிடம் என்க. இடை 100 நிமிடம். நூறு நிமிடம் பார்க்கும் வீடு அவ்வைந்தில் ஒன்றேனும் உண்டோ? இடையமாகிய 30 நிமிடமே அவ்வூரின் இயல்பை உணர்த்தும். வேறுபட்ட தொகைகளைக் கூட்டி வகுத்தலால் உண்மை பிறந்துவிடாது என்பது இதன் பாடம்.

இக்கருவிகளைக் கைக்கொண்டு நம் நிலத்தின் தொகைகளை நோக்குவாம். எந்த மதிப்பீட்டுக்கும் அடித்தளமாக வேண்டுவது குடித்தொகை. 1981ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட கணக்கெடுப்புக்குப் பின், நாடு முழுவதையும் தழுவிய கணக்கெடுப்பு 2012ஆம் ஆண்டிலேயே நிகழ்ந்தது. 2001இல் 18 மாவட்டங்களில் மட்டுமே அஃது முழுமையாக நிறைவேறியது; கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அவற்றுள் அடங்கா. ஆக முப்பத்தோர் ஆண்டுகள் இவ்விரு மாவட்டத்து மக்களும் கணக்கெடுப்பு ஏடுகளில் இடம்பெற்றிலர். கிராம அலுவலரும் பிரதேச செயலகமும் கச்சேரியும் வைத்திருந்த பதிவுகளே எஞ்சிய சான்று.

2009ஆம் ஆண்டின் முற்பகுதியில், வன்னியின் போர்ப் பகுதியில் எஞ்சியிருந்தோர் ஏறத்தாழ 70,000 பேரே என அரசாங்கம் கூறிற்று. அங்கிருந்த அரச அலுவலர்கள் அதனினும் பன்மடங்கான தொகையை அறிவித்தனர். ஈற்றில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 280,000க்கு மேற்பட்டோர். இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்ற பிழை அன்று. உணவும் மருந்தும் தலைக்கு இவ்வளவு எனக் கணக்கிட்டே அனுப்பப்படும். நால்வர் இருக்க ஒருவர் என எழுதினால், மூவர் வயிற்றில் அவ்வெண் பசியாக இறங்கும். புள்ளிவிபரம் உயிரோடு தொடர்பற்ற உலர்ந்த கலை என்பார் இதனைச் சிந்திப்பாராக.

அடுத்து, பலராலும் எடுத்தாளப்படும் 146,679 என்னும் தொகையை எடுத்துக்கொள்வாம். 2011ஆம் ஆண்டு சனவரியில், மன்னார் ஆயராயிருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகையும் அவர்தம் குருமார் இருவரும் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் இதனை வைத்தனர். அதன் பிறப்பு எளிய கழித்தல். 2008ஆம் ஆண்டு ஒக்டோபர் முற்பகுதியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய இரு மாவட்டத்திலும் இருந்தோர் எனக் கச்சேரிப் பதிவு காட்டியது 429,059. அரச பகுதிக்கு வந்தோர் என ஐக்கிய நாடுகள் சபையின் 2009 யூலை அறிக்கை காட்டியது 282,380. முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க எஞ்சுவது 146,679.

ஆயர் இத்தனை பேர் கொல்லப்பட்டனர் எனக் கூறினாரல்லர். இவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது விளக்கப்படல் வேண்டும் என்றே வினாவினார். வினாவாகப் புறப்பட்ட அவ்வெண் செய்தித்தாள்களிலும் மேடைகளிலும் புகுந்தபோது விடையாக மாறிவிட்டது. ‘கணக்கில் வாராதோர்’ என்னும் வகுப்பு ‘கொல்லப்பட்டோர்’ என்னும் வகுப்பாக மாற்றி எழுதப்பட்டது. மேலே வகுப்பின் எல்லை பற்றிக் கூறியது ஈண்டு நினைக்கத்தக்கது. கணக்கில் வாராதோருள் இறந்தோர் உளர். வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் உளர். கடல் வழியே தப்பியோரும், வேறு பதிவேடுகளில் எழுதப்பட்டோரும், இடப்பெயர்விடை இருமுறை பதியப்பட்டோரும் இருத்தல் கூடும். இவற்றுள் ஒவ்வொன்றும் எத்துணை என்பதை அக்கழித்தல் கூறாது. கூறுவதாக அது நடிக்கவும் இல்லை.

மாணாக்கரின் .67ஐக் கடிந்த யாம், 146,679இல் ஈற்றிலக்கமாகிய 9ஐ ஏன் கடியவில்லை என ஒருவர் வினாவலாம். நியாயமான வினாவே. இரண்டும் நுண்ணியவாகத் தோன்றுவன. ஆயினும் இயல்பால் வேறு. மாணாக்கனின் தசமங்கள் அவன் மாதிரியின் வறுமையை மறைக்கின்றன. ஆயரின் இலக்கங்களோ தம் பிறப்பை வெளிப்படுத்துகின்றன. இன்ன ஏட்டிலிருந்து இதனை எடுத்தோம், இன்ன ஏட்டிலிருந்து இதனைக் கழித்தோம், எவரும் சரிபார்க்கலாம் என அவை அழைக்கின்றன. வழியைக் காட்டி நிற்கும் எண்ணே ஆய்வுக்குரிய எண். அதனை மறுப்போர் அவ்விரு ஏடுகளையும் எடுத்து வைத்து, எங்கே வழு எனக் காட்டி மறுத்தல் வேண்டும்.

ஐக்கிய நாடுகள் சபையின் ஏடுகளிலிருந்தும் வேறுபட்ட தொகைகள் வெளிவந்தன. 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் இறந்தனர், 18,479 பேர் காயமுற்றனர் என்பது கொழும்பிலிருந்த அச்சபையின் அலுவலகம் தொகுத்தது. 2011இல் வெளிவந்த நிபுணர் குழு அறிக்கை, 40,000 வரையான குடிமக்கள் இறந்திருத்தலை விலக்க இயலாது என்றும், முறையான விசாரணையே துல்லியமான தொகையைத் தரும் என்றும் கூறியது. 2012 நவம்பரில் வெளிவந்த உள்ளக மீளாய்வு, 70,000க்கு மேற்பட்டோர் கணக்கில் வாரார் எனக் காட்டும் தகவலைச் சுட்டியது. இவை ஒன்றோடொன்று முரண்படுகின்றன எனச் சிலர் எள்ளுவர். முரண் இல்லை. முதலாவது, நேரிற் கண்டோர் தந்து உறுதி செய்யப்பட்டவற்றின் கூட்டு, காட்சி அளவை. இரண்டாவது, பல மூலங்களைக் கொண்டு உய்த்துணர்ந்த மேலெல்லை, கருதல் அளவை. மூன்றாவது, வகுப்பிலேயே வேறுபட்டது. 2008 செப்தெம்பரில் சர்வதேச நிறுவனங்கள் வன்னியினின்று வெளியேற்றப்பட்ட பின், காண்போர் தொகையே அருகியது. எறிகணை மிகுந்த இடத்தில் காண்போரும் அருகுவர்; ஆகவே இறப்பு மிக்க நாளிலேயே எண்ணிக்கை மிகவும் குறைந்து நிற்கும். நிபுணர் குழுவும் முதற்றொகை குறைவானதே எனக் கருதியது.

2011ஆம் ஆண்டில் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் வட மாகாணத்தில் வீடு வீடாகப் பிறப்பு, இறப்பு முதலிய நிகழ்வுகளைக் கணக்கெடுத்தது. வீட்டாரை வினாவி அறிதல் நன்முறையே. ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு: விடை கூற வீட்டில் ஒருவர் எஞ்சியிருத்தல் வேண்டும். எஞ்சினோரை மட்டும் வினாவுதலால் நேரும் இவ்வழுவை எஞ்சினோர் சார்பு எனலாம்.

இதனை யான் நூலிற் கற்றேனல்லேன். 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில், இடம்பெயர்ந்திருந்த ஓரூர்க் குடும்பப் பதிவை எழுத உதவிய இளைஞருள் யானும் ஒருவன். நிவாரண அட்டையுடன் வருவோரின் பெயரை அடையாளமிட்டு, குடும்பத்தின் தொகையைத் திருத்தி எழுதுதல் எம் பணி. ஒரு குடும்பத்துக்கு முதலில் 7 என எழுதினேன். அடுத்த முறை வந்த தந்தையார் ஒன்றுங் கூறாது இரு விரல்களைக் காட்டினார். 2 என எழுதினேன். அதற்கடுத்த முறை அவ்வட்டை வரவில்லை. அந்நிரலில் யான் 0 என எழுதவில்லை, எழுதும் உரிமை எனக்கு இல்லை, வெறுமையாக விட்டேன். அக்குடும்பத்தில் ஐவர் குறைந்ததைக் கூற ஒருவர் இருந்தார். எஞ்சிய இருவர் குறைந்ததைக் கூற எவரும் இலர். வட்டுவாகலைக் கடந்தபோது அவ்வேடும் எம் கையில் இல்லை. பின்னாளில் எஞ்சினோர் சார்பு என்னும் பகுதியைப் பயின்றபோது என் கண்முன் நின்றது அவ்வெற்றிடமே.

இனி, இத்தொகைகளைக் கையாள்வோர் மூவகையினர். தமக்கு உகந்த சிறு தொகையைப் பற்றிக்கொண்டு மற்றவற்றைப் பொய் என்போர் ஒருவகை. பெருந்தொகையே நம் துயருக்கு ஏற்றது எனக் கொண்டு, ஐயுறுவோரைப் பகைவர் என்போர் மற்றொரு வகை. இரண்டுக்கும் நடுவே உண்மை உளது எனக் கூறி இடை காண முயல்வோர் மூன்றாம் வகை. மூவருள்ளும் மூன்றாமவர் நடுநிலையாளர் போலத் தோன்றுவர். ஆயின் கண்ட தொகையையும் கருதிய தொகையையும் கணக்கில் வாராத தொகையையும் கூட்டி வகுத்தல் நடுநிலை அன்று, கணக்கும் அன்று. இரண்டாமவர்க்குக் கூற வேண்டியது ஒன்று உளது. துயரின் அளவு தொகையின் பெருமையால் உயர்வதில்லை. மிகைப்படுத்திய ஒரு தொகை தவறென மெய்ப்பிக்கப்படின், அதனோடு சேர்த்து மெய்யான தொகையும் தள்ளப்படும், இழப்பு நம்முடையதே.

எண்களை ஒப்பிடுவோர் மற்றுமொரு பிழையையும் தவிர்த்தல் வேண்டும். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கிளிநொச்சிக்கு 113,510 பேரையும் முல்லைத்தீவுக்கு 92,238 பேரையும் காட்டியது; கூட்டுத்தொகை 205,748. இதனை 429,059இலிருந்து கழித்து ஒரு முடிபு கூறுவாரும் உளர். முன்னைய பதிவில், அயல் மாவட்டங்களிலிருந்து இடம்பெயர்ந்து வந்தோரும் அடங்குவர். அவருட் பலர் பின்னர்த் தத்தம் ஊர்க்கு மீண்டனர். ஒரே பெயருடைய நிலமாயினும் இரு தொகைகளும் ஒரே மக்களைக் குறிப்பனவல்ல.

ஆகவே செய்தித்தாளில் ஓர் எண்ணைக் காணும் மாணாக்கன் ஐந்து வினாக்களை எழுப்புவானாக. எண்ணியவர் யார்? எதனை, எவ்வகுப்பில் வைத்து எண்ணினர்? எங்கே, எந்நாள் முதல் எந்நாள் வரை எண்ணினர்? எண்ணப்பட்டதா, மதிப்பிடப்பட்டதா; மதிப்பாயின் வழு எல்லை யாது? எவர் எண்ணிக்கைக்கு வெளியே நின்றனர்? முதல் நான்கும் நூல்களில் உள்ளன. ஐந்தாவதே வன்னி நமக்குக் கற்பித்தது. ஏனைய நான்கினும் அதுவே தலையாயது.

வினாவுதலோடு நம் கடன் முடியாது. ஒவ்வோர் ஊரிலும் 2008ஆம் ஆண்டில் வாழ்ந்த குடும்பங்களை, வாசிகசாலை, ஆலயம், பாடசாலை வரவுப் பதிவு என்பவற்றின் துணைகொண்டு, வீட்டு ஒழுங்கிற் பெயர் பெயராக எழுதுதல் இன்றும் இயலும். எஞ்சினோரை அன்றி, அயலாரை வினாவி எழுதும் பட்டியலே முற்றாக அழிந்த வீட்டையும் காட்டவல்லது. இருவர் தனித்தனியே எழுதி ஒப்பிடின் நம்பகம் உண்டாகும். மதிப்பீடுகள் ஒரு நாள் எண்ணிக்கைக்கு இடம் கொடுத்தல் வேண்டும். எண்ணிக்கை பெயர்களுக்கு இடம் கொடுத்தல் வேண்டும். அறிந்தோர் முதுமையுற்று மறைந்து வருகின்றனர். நம் உயர்தர மாணாக்கர் தம் சிற்றாய்வுக்கு வேறு பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. தத்தம் ஒழுங்கையின் முதல் வீட்டிலிருந்து தொடங்குவாராக.